ஓடும் கலத்தைப் பழுது பார்த்தல்

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் கொற்கை இருந்தது. பாண்டியரின் முத்துத் துறை அது. இன்று கொற்கைக்குச் செல்பவர் அங்கே கடலைக் காண இயலாது. ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து நிலம் நீண்டது. கடல் சில கிலோமீட்டர் தொலைவு விலகிப்போனது. வணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது. அதுவும் மண்மேடிட்ட பின் தூத்துக்குடி எழுந்தது. கொற்கைத் துறையை மூடியது பகைவர் படையன்று, அகற்றப்படாத வண்டல். இன்றைய வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பல் வரும் வழியைத் தூர்வாருவதற்கு ஆகும் செலவைக் கண்டு வியப்பவர்கள் கொற்கையை ஒருமுறை சென்று பார்ப்பது நல்லது.

அதே தூத்துக்குடியில் இருந்து இன்றும் மரத்தோணிகள் சரக்கேற்றிக் கடல் கடக்கின்றன. தோணி கட்டுவது பெருந்தொழில். அதை மிதக்க வைத்திருப்பது வேறொரு தொழில். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, எண்ணெயும் பிசினும் சேர்த்து அடைப்பதைக் கலப்பற்று என்பர். ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையன்று அது. உப்புநீரும் வெயிலும் மரத்தைச் சுருக்கியும் விரித்தும் கொண்டேயிருக்கும். தோணியைக் கட்டிய தச்சரின் பெயர் ஊரில் நிற்கும்; கலப்பற்று அடித்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆயினும் நடுக்கடலில் உயிர் காப்பது அந்த அடைப்பே.

இந்த நீதியின்மை கணினி உலகிலும் உண்டு.

உட்கருவும் அதன் வளர்ச்சியும்

கணினியை இயக்கும் மென்பொருள்களுள் மிக ஆழத்தில் இருப்பது கெர்னல் எனப்படும் உட்கரு. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், செயலி இந்த நொடியில் யாருடைய வேலையைச் செய்ய வேண்டும், வட்டில் எழுதப்படுவது எங்கே அமர வேண்டும், வலைப்பின்னலில் வரும் தரவு எந்தச் செயலிக்குப் போக வேண்டும் என்பனவற்றை முடிவு செய்வது அதுவே. பயன்படுத்துவோர் அதை நேரில் காண்பதில்லை. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் தாம் அத்தகைய ஓர் உட்கருவை எழுதிவருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. முதலில் வெளிவந்த பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள் இருந்தன. 1992-இல் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பகிரும்போது மூலநிரலையும் உடன் தர வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம்.

இன்று லினக்ஸ் உட்கருவின் மூலநிரல் ஏறத்தாழ நான்கு கோடி வரிகள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தின் அடியிலும் அது இருக்கிறது. உலகின் அதிவேகக் கணினிகளின் முதல் 500 பட்டியலில் 2017 நவம்பர் தொடங்கி அனைத்தும் அதிலேயே இயங்குகின்றன. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருகிறது. இவ்வளர்ச்சியைப் பற்றி எழுதுவோர் பலர். வெளிவந்த பதிப்பு பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி எழுதுவோர் சிலரே.

ஒட்டுகளின் இலக்கணம்

மென்பொருளில் உள்ள குறையை ‘வழு’ என்றும், அதைச் சரிசெய்யும் சிறு நிரல்துண்டை ‘ஒட்டு’ என்றும் வழங்குவர். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போலத்தான். வெளியான பதிப்புகளில் ஒட்டுப் போடும் பணியை முறைப்படுத்த 2005-இல் கிரெக் குரோவா ஹார்ட்மன், கிறிஸ் ரைட் ஆகிய இருவரும் நிலைப்பதிப்பு என்ற தனிக்கிளையைத் தொடங்கினர். அதன் விதிகள் சில பக்கங்களுக்குள் அடங்கும். ஆனால் அனுபவத்தின் திரட்சி அவற்றில் உண்டு. ஒட்டு சரியானது என்பது பார்த்தவுடன் புலப்பட வேண்டும், சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து 100 வரிகளை மிஞ்சக் கூடாது. பயன்படுத்துவோரை உண்மையாகவே துன்புறுத்தும் வழுவை அது தீர்க்க வேண்டும். எழுத்துப்பிழைத் திருத்தத்திற்கு அங்கே இடமில்லை.

இவை எல்லாவற்றினும் கடுமையானது மற்றொரு விதி. ஒட்டு முதலில் முதன்மை மரத்தில், அதாவது அடுத்த பதிப்பு வளர்ந்துகொண்டிருக்கும் மூலநிரலில், சேர்ந்திருக்க வேண்டும். அதன் பிறகே பழைய பதிப்புக்கு வரலாம். அவசரத்தில் இருப்பவருக்கு இது வீண் சுற்றாகத் தோன்றும். ஓட்டை தன் தோணியில். அடைப்பை ஏன் கட்டுமானத் தளத்தில் காட்ட வேண்டும்? காரணம் எளிது. பழைய பதிப்பில் மட்டும் ஒரு வழுவைத் திருத்திவிட்டு முதன்மை மரத்தில் மறந்துவிட்டால், நாளை புதிய பதிப்புக்கு மாறுகிறவர் அதே வழுவில் மீண்டும் விழுவார். ஒவ்வோர் ஒட்டும் தான் தீர்க்கும் வழு எந்த மாற்றத்தால் நுழைந்தது என்பதைக் குறிப்பிடும் வழக்கமும் உண்டு. நோய்க்கு மருந்து எழுதும்போதே நோய் வந்த நாளையும் எழுதிவைப்பது போன்றது அது. அக்குறிப்பைக் கொண்டே எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்கு அந்த ஒட்டு தேவை என்பதை அறிகிறார்கள்.

2016 அக்டோபரில் வெளிப்பட்ட வழு ஒன்று இப்பணியின் இயல்பைக் காட்டுகிறது. ‘டர்ட்டி கவ்’ என்று பெயர் பெற்ற அது, சாதாரணப் பயனர் ஒருவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழிவிட்டது. இரண்டு செயல்கள் நூலிழை நேர இடைவெளியில் ஒன்றையொன்று முந்தும்போது மட்டும், படிப்பதற்கு மட்டுமே திறந்த கோப்பில் எழுத முடிந்தது. 2007-இல் வெளியான பதிப்பிலிருந்தே அது உள்ளே இருந்தது. ஒட்டுடன் சேர்த்த குறிப்பில் டோர்வால்ட்ஸ் மறைக்காமல் ஓர் உண்மையைச் சொன்னார்: பதினோர் ஆண்டுகளுக்கு முன் இதைத் தாமே திருத்த முயன்று சரியாகச் செய்யவில்லை என்பதும், அத்திருத்தம் வேறொரு கணினி வகையில் சிக்கல் தந்ததால் கைவிடப்பட்டது என்பதும் அக்குறிப்பில் உள்ளன. தம் தவற்றைத் தம் பெயருடன் அனைவரும் படிக்கும் இடத்தில் எழுதிவைக்கும் வழக்கம் எத்தனை அலுவலகங்களில் இருக்கிறது?

ஒட்டு விரைவில் வந்துவிட்டது. ஆனால் ஒட்டு எழுதப்படுவதும் அது கருவியைச் சென்றடைவதும் வேறு வேறு. கைப்பேசி நிறுவனம் அதை எடுத்துத் தன் பதிப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும். சில ஆண்டுகள் கடந்த கைப்பேசிகளுக்கு அப்படி அனுப்புவோர் பெரும்பாலும் இருப்பதில்லை. மூலநிரல் திறந்திருப்பது ஓர் உரிமை. அவ்வுரிமையைச் செயலாக்க ஆளில்லாத இடத்தில் திறந்த நிரலும் மூடிய நிரலும் ஒன்றே.

தொடாதிருப்பது நலமா?

‘ஓடுகிற பொறியில் கை வைக்காதே’ என்பது தொழிற்கூடங்களில் கேட்கும் முதுமொழி. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. துறைமுகத்தின் பாரந்தூக்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். அதன் கட்டுப்பாட்டுக் கணினியை நினைத்தபோது நிறுத்தினால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் விலை உண்டு. புதிய ஒட்டு ஒரு குறையைத் தீர்த்து மற்றொன்றைக் கொண்டுவருவதும் நிகழ்கிறது. 2017 ஜூன் 27-ஆம் நாள் பரவிய நாட்பெட்யா என்னும் தீநிரல் மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்குப்பெட்டக முனையத்தை முடக்கியது. அது தாக்கியது விண்டோஸ் கணினிகளை. அது பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்றுக்கு மார்ச் மாதமே ஒட்டு வெளிவந்திருந்தது. ஆயினும் அத்தீநிரல் உலகில் முதலில் நுழைந்ததே உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் புதுப்பிப்பு வழியாகத்தான். புதுப்பிக்காதவரும் கெட்டார், புதுப்பிப்பை நம்பியவரும் கெட்டார்.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு புதுப்பிப்பதும் பராமரிப்பாகாது. முத்துப்பார்களை மேற்பார்வையிட்டவர்கள் ஆண்டுதோறும் கடலில் இறங்கிச் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, எண்ணி, வயது கணித்து, முத்தின் மதிப்பை அறிந்த பின்னரே சலாபம் நடத்தலாமா என்று முடிவு செய்தனர். முன்கூட்டியே அள்ளினால் முத்து தேறாது. காலம் தாழ்த்தினால் சிப்பி மடிந்துவிடும். ஒட்டு போடுவோருக்கும் தேவை அந்த ஆய்வே. நெடுங்காலம் உழைக்கும் கருவிகளுக்கென 2016-இல் தொடங்கப்பட்ட குடிமை உட்கட்டமைப்புத் தளம் என்னும் கூட்டுமுயற்சி, தேர்ந்தெடுத்த உட்கருப் பதிப்புகளைப் பத்தாண்டு வரை பேணுகிறது. மின்நிலையங்களுக்கும் தொடர்வண்டிகளுக்கும் பொருந்தும் இவ்வழி துறைமுகங்களுக்கும் பொருந்தும்.

பேணும் கைகள்

உட்கருவின் மூலநிரலில் பராமரிப்பாளர் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். இதைப் பார்க்க ஒருவருக்கு ஊதியம் கிடைக்கிறது, இதை ஒருவர் உண்மையிலேயே பார்த்துக்கொள்கிறார், இதை ஒருவர் எப்போதாவது எட்டிப் பார்க்கிறார், இது அநாதை. கடைசிச் சொல் கற்பனையன்று. பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள் அதுவே. அரசு ஆவணங்களிலும் இப்படி ஒரு பட்டியல் இருந்தால் ஊரில் எத்தனை கண்மாய்களும் மதகுகளும் அந்தத் தலைப்பின்கீழ் வரும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆறு ஆண்டுகள் வரை நீண்டிருந்த நெடுங்காலப் பதிப்புகளின் ஆயுளை இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்போவதாக 2023-இல் அறிவிப்பு வந்தது. மிகப் பழைய பதிப்புகளைப் பயன்படுத்துவோர் குறைவு, பேணுவோரின் சுமையோ மிகுதி என்பது காரணம். சுமை மிகும்போது என்ன நேரும் என்பதை அடுத்த ஆண்டே உலகம் கண்டது. எக்ஸ்செட் என்னும் சுருக்கும் மென்பொருள் உட்கருவின் பகுதியன்று. ஆயினும் லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது. பல ஆண்டுகள் அதைத் தனியாளாகப் பேணிச் சோர்ந்திருந்த ஒருவருக்கு உதவுவதாக வந்து நம்பிக்கை பெற்ற யாரோ அதனுள் இரகசியக் கதவொன்றை அமைத்தார். தொலைக் கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, அதன் வேர் வரை துருவிப் போன ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு 2024 மார்ச் 29-இல் அதை வெளிப்படுத்தினார். அரை நொடியைப் பொருட்படுத்தாதவர் கண்ணில் அது பட்டிருக்காது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன பங்கு? சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளிலும் அது இடம்பெற்றது. திறக்கக்கூடிய, படிக்கக்கூடிய உட்கரு ஒன்று அவ்வாறு சிற்றூர் வீடுகளுக்குள் வந்தது. அதைத் திறந்து பார்க்கும் பாடம் மட்டும் உடன் வரவில்லை. நிரல் எழுதக் கற்பிக்கும் வகுப்புகள் பல. பிறர் எழுதிய நிரலைப் படித்து, குறை கண்டு, திருத்தி, அத்திருத்தம் சரியெனப் பிறரை ஏற்கச் செய்யும் பயிற்சி அரிது. போட்டிகளில் பரிசு புதிய செயலிக்கே கிடைக்கிறது. பழைய செயலியின் வழுவைத் தீர்த்தவருக்கு மேடை இல்லை. கலப்பற்று அடிப்பவரைக் கேளாத பழக்கம் இங்கும் தொடர்கிறது. கல்லூரிகள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகப் புதியதொன்றைச் செய்யச் சொல்வதற்கு மாற்றாக, உட்கருவில் ஏற்கப்பட்ட ஓர் ஒட்டையும் அதே மதிப்புடன் ஏற்கலாம். அதற்குத் தடையாக எந்தச் சட்டமும் இல்லை.

தொடக்கநிலையினருக்கு இடமும் இருக்கிறது. இன்னும் முழுத்தரம் எட்டாத இயக்கிகளை வைத்திருக்கும் பகுதி புதியவர்கள் துப்புரவு செய்து பழகுவதற்கு ஏற்றது. உட்கருவின் ஆவணங்கள் சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு மூலநிரலுடனேயே வருகின்றன. அவ்வரிசையில் தமிழ் இல்லை. தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் மாணவி அனுப்பும் ஒட்டாயினும் பெருநிறுவனப் பொறியாளர் அனுப்பும் ஒட்டாயினும், அதன் அடியில் அனுப்புபவர் தம் பெயரை எழுதி, இதை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று உறுதியளிக்க வேண்டும். அதற்குக் கீழே அதைச் சரிபார்த்தவரின் பெயரும், சேர்த்துக்கொண்ட பராமரிப்பாளரின் பெயரும் வரிசையாக அமையும்.