கிருமி ஜாதி பார்ப்பதில்லை, ஊசிதான் பார்க்கிறது!

"மலைஜாதிப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு போதாது." இப்படிச் சொல்லுவது கனவான்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. ஜூலை 28 வந்தால் ஒரு பேனர், ஒரு போட்டோ, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம். சாயங்காலத்துக்குள் ஜீப் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடும். பிறகு அறிக்கை வரும்: "இந்த இனத்தாரிடையே அறியாமை மிகுந்து கிடக்கிறது!"

பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பத்துப் பன்னிரண்டு இளவட்டங்களோடு உட்கார்ந்து பேசினேன். பளியர் வீட்டுப் பையன்கள், புலையர் வீட்டுப் பெண்கள், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் பேரப் பிள்ளைகள், கீழ்நாட்டிலிருந்து கூலிக்கு ஏறியவர்களின் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். "ஹெபடைடிஸ் பி" என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "மஞ்சள் காமாலை" என்றதும் எல்லாரும் பேசினார்கள். கீழாநெல்லி என்றான் ஒருவன். கண்ணில் மருந்து விட்டால் இறங்கிவிடும் என்றாள் ஒருத்தி. காமாலைக்காரன் குடித்த டம்ளரைத் தொடக் கூடாது என்றான் இன்னொருவன்.

அன்று மாலையே தோட்ட முதலாளி வீட்டுப் பையன் ஒருவனைக் கடைத்தெருவில் பார்த்தேன். கான்வென்டில் படிக்கிறவன். அவனிடமும் அதே கேள்வி. அவனுக்கும் தெரியவில்லை! ஆனால் அவனுக்கு மூன்று ஊசியும் போட்டாகிவிட்டது. அட்டை அம்மாவின் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம்.

தோழர்களே, விஷயம் இங்கேதான் இருக்கிறது. அறியாமையில் இரண்டு பேரும் சமம். ஒருவனுக்குக் காவல் இருக்கிறது, மற்றவனுக்கு உண்டா என்று சொல்ல ஓர் அட்டைகூட இல்லை.

இது அசுத்தத் தண்ணீரால் வரும் சாதாரணக் காமாலை அல்ல. ரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகிற கிருமி. வளர்ந்தவனைப் பிடித்தால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் தேறிவிடுகிறார்கள். பிறக்கும்போதே பிடித்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் கிடந்து, குடும்பம் தாங்கும் வயதில் ஈரலைச் சுருக்கும், புற்றாக்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி என்கிறது மருத்துவம். பளியர் குடிசையில் ராத்திரி பிறந்த குழந்தைக்கு, ரோடு இல்லாத மலையில், அந்த 24 மணி நேரத்துக்குள் யார் கொண்டுபோய் ஊசி போடுவது? இதற்குப் பெயர் இனத்தின் அறியாமையா?

சரித்திரத்தையும் பார்ப்போம். இந்தக் கிருமியின் அடையாளம் முதலில் அகப்பட்டது ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதரின் ரத்தத்தில். அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க் 1965-இல் அதை வெளியிட்டார். 1976-இல் நோபல் பரிசு பெற்றார். ஜூலை 28 அவருடைய பிறந்த நாள். ஆரம்பத்தில் அது சில இனங்களின் பரம்பரைக் குணமோ என்று அவரே எண்ணினார். ஆராய்ந்து பார்த்தார், இல்லை, கிருமிதான் என்று கண்டார். விஞ்ஞானி விட்டுவிட்ட எண்ணத்தை நம் கனவான்கள் இன்னும் விடவில்லை.

தடுப்பூசி 1980-களிலேயே வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வைத்த விலையில் கூலிக்காரன் அதைக் கனவிலும் தொட முடியாது. 1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் தயாரித்ததும் விலை சரிந்தது. அப்படியானால் அதுவரை வாங்கியது என்ன விலை? கொள்ளை லாபம்! அந்தக் கம்பெனியையும் 2009-இல் பிரெஞ்சு முதலாளியான சனோஃபி விழுங்கியது. அதற்கு முந்தின வருஷம், 2008 ஜனவரியில், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிலையம், கசௌலி நிலையம் ஆகிய மூன்று பொதுத்துறை ஊசிச் சாலைகளின் உரிமத்தை மத்திய சர்க்கார் நிறுத்தி வைத்தது. குறையைத் திருத்தாமல் கதவைச் சாத்தினார்கள். 2010-இல்தான் திறந்தார்கள்.

இந்த ஊசி சர்க்கார் திட்டத்தில் 2002-இல் சில ஜில்லாக்களில் தொடங்கியது. 2007-08-இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு வந்தது. 2011-12-இல்தான் தேசம் முழுவதற்கும் வந்தது. ஆகவே 2008-இல் ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ பிறந்து, இன்று திண்டுக்கல் பக்கத்துப் பஞ்சாலை விடுதியில் இருக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் குழந்தையாக இருந்தபோது அவளுடைய மாநிலம் பட்டியலிலேயே இல்லை. அவளைப் பார்த்து "வடநாட்டுக்காரி, சுத்தம் தெரியாதவள்" என்கிறான் சூபர்வைசர்!

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நாம் கேலி செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் அதே பிளம்பர்க்கும் 1988-இல் சோதித்து நல்ல பலன் என்று எழுதினார்கள். பின்னர் வேறிடங்களில் செய்த சோதனைகள் அதை உறுதி செய்யவில்லை. ஆகவே அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

காய்ச்சல் என்றால் உடனே ஊசி கேட்கும் பழக்கத்தையும் விடவேண்டும். 2009-இல் குஜராத்தின் மோடாசா வட்டாரத்தில் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டதில் இந்த நோய் பரவிப் பல பத்துப் பேர் மாண்டார்கள். திருவிழாவில் ஒரே ஊசியால் வரிசையாகப் பச்சை குத்துவதும், ஒரே பிளேடால் பலருக்குச் சவரம் செய்வதும் அதே ஆபத்துதான்.

ஆனால் டம்ளரால் வராது! சேர்ந்து உண்பதால் வராது, தொட்டால் வராது, ஒரே பாயில் படுத்தால் வராது. டீக்கடையில் இரட்டை டம்ளரை எதிர்த்துப் போராடிய நாம், நோயின் பெயரால் இன்னொரு டம்ளரை நுழைய விடுவதா? நோய் கண்டவனை வேலையிலிருந்து கழிக்கும் ஆலைக்காரனுக்கும் அந்த டம்ளர் கதை வசதியாகப் போய்விடும்.

நம் சங்கங்களையும் சொல்லத்தான் வேண்டும். கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம். தொழிலாளி மகளின் ஊசி அட்டையை எத்தனை பேர் கேட்டுப் பார்த்தோம்?

உலகத்தில் இந்தக் கிருமியைச் சுமப்பவர்கள் 2022-இல் 25 கோடிக்கு மேல். இந்தியாவில் ஏறக்குறைய 3 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம் என்று எழுதியிருக்கிறது. எழுதியது மலை ஏறட்டும்! விடுதியிலும் தோட்ட லயத்திலும் உள்ள ஒவ்வோர் இளைஞருக்கும் ரகசியம் காத்துப் பரிசோதனை வேண்டும். கிருமி இல்லாதவர்களுக்கு ஆறு மாதத்தில் மூன்று ஊசி, வேலை நாள் கூலி பிடிக்காமல், ஆலைக்காரன் செலவில் வேண்டும். பண்ணைக்காடு, தாண்டிக்குடி வட்டாரக் குடியிருப்புகளில் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் அன்றே ஊசியோடு நர்ஸ் வரவேண்டும். அடுத்த காப்பிப் பறிப்புக்கு முன் கிளைத் தோழர்கள் வீடு வீடாக அட்டைகளைப் பார்த்து, அட்டை இல்லாதவர்களின் பட்டியலோடு கொடைக்கானல் தாலுகா ஆபீசுக்கு வரட்டும்.