சாம்பியன்ஷிப்பில் 101, பிரீமியர் லீக்கில் 24: கொம்பனி சறுக்கியது எங்கே?

இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்பில், 2022-23 சீசனில் பர்ன்லி எடுத்தது 101 புள்ளிகள். சாம்பியன் பட்டத்தோடு பிரீமியர் லீக்குக்குப் போன அதே கிளப், அடுத்த சீசனில் எடுத்தது வெறும் 24. 20 அணிகளில் 19-வது இடம். போன வேகத்தில் திரும்பி வந்தாச்சு. இரண்டு சீசனிலும் மேனேஜர் ஒருவர்தான்: வின்சென்ட் கொம்பனி.

'கீழ் டிவிஷனுக்கு ஓகே, மேலே இவர் தாங்க மாட்டார்' என்று முத்திரை குத்துவது சுலபம். ஆனால், அதே கொம்பனியை 2024 மே மாதம் பேயர்ன் மியூனிக் அழைத்துக்கொண்டது. முதல் சீசனிலேயே பன்டஸ்லிகா பட்டம். அப்போ தகுதி இல்லைன்னு எப்படிச் சொல்ல முடியும்?

அப்படி என்ன டாக்டிக்ஸ்?

கோல்கீப்பரில் தொடங்கி சின்னச் சின்ன பாஸ்களாக ஆட்டத்தைக் கட்டுவது. எதிரணி பந்தைப் பறிக்க முன்னேறி வந்தால், அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் புகுந்து தாக்குவது. வருபவரைவிட நம்ம ஆள் திறமைசாலியாக இருக்கும்வரை இது அழகு. மேல் டிவிஷனில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

2024 ஏப்ரலில் நடந்த இரண்டு மேட்ச்களே சாட்சி. எவர்ட்டனுக்கு எதிராக கோல்கீப்பர் முரிச் உதைத்த பந்து, பாய்ந்து வந்த கால்வெர்ட் லூயின் மீது பட்டு வலைக்குள் போனது. 0-1 தோல்வி. அடுத்த வாரம் பிரைட்டனுக்கு எதிராக, சக வீரர் கொடுத்த சாதாரண பேக் பாஸ் முரிச்சின் காலுக்கடியில் நழுவி கோலானது. 1-1 டிரா. சாம்பியன்ஷிப் வென்ற அணியிலும் இதே முரிச்தான் கீப்பர்!

எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. சொந்த மைதானமான டர்ஃப் மூரில் முதல் 7 லீக் மேட்ச்களிலும் தோல்வி. அதற்குப் பிறகும் அடிப்படைத் திட்டம் மாறவில்லை.

அடுத்த ஆண்டு இதே படம் சவுத்தாம்ப்டனில் ஓடியது. ரஸல் மார்ட்டினும் பாஸிங்கில் பிடிவாதக்காரர். 16 மேட்ச்சில் 5 புள்ளிகள். 2024 டிசம்பரில் டாட்டன்ஹாமிடம் 0-5 என்று விழுந்த அன்றிரவே வேலை போனது.

பிடிவாதம் ஜெயித்ததே இல்லையா?

ஜெயித்திருக்கிறது. பியல்சாவும் பாணியை மாற்றாதவர்தான். ஆனாலும் 2020-21 சீசனில் அவரது லீட்ஸ் 59 புள்ளிகளுடன் 9-வது இடம் பிடித்தது. வித்தியாசம் என்னவென்றால், பந்து காலில் இல்லாத நேரத்துக்கும் அவரிடம் தெளிவான வழி இருந்தது: ஆளுக்கு ஆள் மார்க்கிங், மூச்சுவிடாத ஓட்டம். மேலே போகிற அணி முதலில் இழப்பது பந்தைத்தான். பந்தை மட்டும் நம்பிய அணிக்கு அப்புறம் என்ன மிஞ்சும்?

அதனால்தான் பேயர்ன் வெற்றி கொம்பனியின் திறமையைக் காட்டுகிறதே தவிர, பர்ன்லியில் அவர் எடுத்த முடிவுகளை நியாயப்படுத்தவில்லை. தன்னிடம் இருக்கும் 11 பேரால் எது முடியும் என்று பார்த்து ஆடவைப்பதும் மேனேஜரின் வேலைதான்.

கீழே இறங்கினால் டிவி வருமானம் சரியும், நல்ல வீரர்கள் கைவிட்டுப் போவார்கள். அந்தக் கோடையிலேயே பெர்கே ஃபுல்ஹாமுக்கும், ஒடோபெர்ட் டாட்டன்ஹாமுக்கும் போனார்கள். கொம்பனி மியூனிக் போய்விட்டார். பில் கட்டியது பர்ன்லி.

மேலே வரும் கிளப்புகள் தங்கள் மேனேஜரிடம் இனி முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "பந்து நம்மிடம் இல்லாதபோது என்ன செய்வீங்க?"