பாக்கி

ஒரு வேலையை விட்டு அடுத்த வேலையில் சேர்வதற்கு நடுவே எனக்கு முப்பது நாள் கிடைத்தது. பதினாறு வருடத்தில் இதுதான் முதல் முறை. விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பரணைச் சுத்தம் செய்யலாம். வெயில் நன்றாக அடிக்கிறது, வடாம் போட்டுவிடலாம். மாமியாரின் கண் ஆபரேஷனை இந்த மாதமே வைத்துக்கொள்ளலாம், "நீதான் வீட்ல இருக்கியே." பெரியம்மா போனில் சொன்னார்: "ஒரு மாசம் சும்மாதானேடி இருக்கப்போறே, எங்கூட வந்து இருந்துட்டுப் போயேன். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

நான் கேம் விளையாடினேன். முப்பது நாளும். (கண் ஆபரேஷன் நடந்தது. அம்மாவுடன் மகன் லீவு போட்டு இருந்தார். உலகம் இடிந்து விழவில்லை.)

போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டைச் சொல்லவில்லை. அதில் குறை ஒன்றுமில்லை. பஸ்ஸில், டாக்டர் வீட்டு வாசலில், அரிசி வேகும் நேரத்தில் அதைத்தான் விளையாட முடியும். பெண்களுக்குப் பிடித்தது அந்த மாதிரி கேம்தான் என்று அதற்கு ஒரு வியாக்கியானமும் உண்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் கிடைக்காதவளின் ரசனை மூன்று நிமிடத்துக்குள்தான் இருக்கும்.

நான் விளையாடியது ஜப்பானிய ஆர்பிஜி. ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கம். மூன்று நான்கு பேர் கொண்ட கூட்டம் ஊர் ஊராகப் போகும். வழியில் சண்டை வரும். பல கேம்களில் முறை வைத்துத்தான் அடிக்க வேண்டும். ஒருவன் வாள் வீசுவான், ஒருத்தி காயத்தை ஆற்றுவாள். சண்டை முடிந்தால் அனுபவப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் லெவல். நடுவே ராஜாக்கள், கடவுள்கள், முடிவே இல்லாத உரையாடல்கள். மெகா சீரியலும் சதுரங்கமும் கல்யாணம் செய்துகொண்டால் பிறக்கும் பிள்ளை. ஒன்றை முடிக்க நாற்பது, ஐம்பது மணி நேரம் ஆகும். பெர்சோனா 5 போன்றவற்றுக்கு நூறு.

இவற்றைப் பல வருடமாக ஆஃபரில் வாங்கி லேப்டாப்பில் சேர்த்து வைத்திருந்தேன். வாங்க இரண்டு நிமிடம் போதும். முதல் நாள் பழைய சேவ் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். புத்தகத்தில் மயிலிறகு வைப்பது போலத்தான் சேவ் செய்வதும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒவ்வொன்றும் ஒரு தேதியில் நின்றிருந்தது. ஃபைனல் ஃபேன்டஸி 10, 11 மணி நேரம்: மகளுக்கு டெங்கு வந்த வாரம். குரோனோ டிரிகர், 6 மணி நேரம்: சமைக்க வந்துகொண்டிருந்த அக்கா ஊருக்குப் போய்த் திரும்பாத மாதம். பெர்சோனா 5, 19 மணி நேரம்: மாமனார் வழுக்கி விழுந்த நாள். என் இணையரின் கணக்கில் உள்ள கேம்கள் எல்லாம் முடிந்திருந்தன. அவர் கெட்டவர் இல்லை. அவர் விளையாடும்போது குக்கர் விசில் அடித்தால் அது வேறு யாருக்கோ அடிக்கிற விசில், அவ்வளவுதான்.

இதைச் சொந்தக் கதை என்று தள்ளிவிட முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு இந்தியப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இது அந்த வேலையைச் செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி. வேலையைத் தொடவே தொடாத ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை. பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் தனிக் கணக்கு. வித்தியாசம் 201 நிமிடம். முப்பதால் பெருக்குங்கள். 6,030 நிமிடம், அதாவது நூறரை மணி நேரம். மாதத்துக்கு ஒரு பெர்சோனா 5.

கேம்கள் பிறக்கும் ஜப்பானில் நிலைமை மேலா? அங்கே அரசு 2021இல் எடுத்த கணக்கில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடுகளில் வீட்டு வேலைக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் மனைவி ஒரு நாளில் 7 மணி 28 நிமிடம், கணவன் 1 மணி 54 நிமிடம். நம்மூர்க் கதைதான், கிமோனோ கட்டிக்கொண்டு நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், கேம் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். பெர்சோனா 5 (2016) முழுக்க முழுக்க நேரத்தைப் பற்றிய கேம். டோக்கியோவில் ஒரு பள்ளி மாணவன். பகலில் ஒரு வேலை செய்யலாம், இரவில் ஒரு வேலை. படித்தால் நண்பனைப் பார்க்க முடியாது. ஆயுதம் செய்தால் படிக்க முடியாது. ஒவ்வொரு மாலையையும் கஞ்சனைப் போலச் செலவழிக்க வேண்டும். அவனுடைய வகுப்பாசிரியை கவகாமி. பணத்துக்காக இரவில் மெய்ட் உடை போட்டு, வீடுகளுக்குப் போய் வேலை செய்கிறவர். அவருடன் நட்பு வளர வளர விளையாடுபவருக்கு என்ன பரிசு தெரியுமா? அவர் காபி போடுவார், கறி சமைப்பார், துணி துவைப்பார். ஆகவே அந்த மாலை உங்களுக்கு மிச்சம். கடைசி லெவலில் அசந்து வருபவனுக்கு உடம்பு பிடித்துவிடுவார். அந்த இரவும் மிச்சம். அதனால்தான் கவகாமியை முதலில் பிடித்துக்கொள் என்று கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தருகிறார்கள். ஒரு பெண்ணின் வீட்டு வேலை ஓர் ஆணின் மாலை நேரமாக மாறும் கணக்கைப் பொருளாதாரப் பாடப் புத்தகங்கள்கூட இவ்வளவு தெளிவாகப் போட்டதில்லை.

அந்த இடத்தில் கேமை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது. கூடவே, ஊருக்குப் போன அந்தச் சமையல்கார அக்காவின் முகமும் வந்தது. அவர் இருந்தவரை என் மாலைகள் எங்கிருந்து வந்தன? அவருடைய 289 நிமிடத்தின் மேல் என் வீட்டு நிமிடங்களும் ஏறி உட்கார்ந்திருந்தன. எனக்கு மாதத்துக்கு நூறு மணி பாக்கி என்றால் அவருக்கு எவ்வளவு? அதற்குச் சம்பளம் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கவகாமிக்கும் முதலில் காசு கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும்.

அதே கேமின் தொடக்கத்தில் ஆன் தகாமாகி என்ற மாணவி. கமோஷிதா என்ற விளையாட்டு ஆசிரியர், தோழி ஷிஹோவின் டீம் இடத்தைக் காட்டி மிரட்டி, அவளைத் தன் இச்சைக்கு இணங்கச் சொல்கிறான். ஷிஹோ பள்ளிக் கட்டடத்திலிருந்து குதிக்கிறாள். ஒரு பள்ளிக்கூடம் எப்படிக் கண்ணை மூடிக்கொள்ளும் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன கேம் நான் வேறு பார்க்கவில்லை. கமோஷிதாவை ஆன் எதிர்கொள்ளும் காட்சியில் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்திருந்தேன். அடுத்த அத்தியாயம் வருகிறது. ஓவியம் வரையும் பையன் ஒருவன் ஆனை நிர்வாணமாக உட்காரச் சொல்கிறான். அவளைக் காப்பாற்றிய அதே நண்பர்கள், வேலை ஆக வேண்டும் என்று அவளைத் தள்ளிவிடுகிறார்கள். இது நகைச்சுவைக் காட்சி! சில மணி நேரம் முன்பு எதற்காக அழுதோமோ அதற்கே இப்போது சிரிக்கச் சொல்கிறார்கள். எழுதியவர்களுக்குப் புரியாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. வில்லன் செய்தால் குற்றம், நம்ம பையன்கள் செய்தால் குறும்பு. இந்த இரட்டைக் கணக்கை நாம் எந்தக் கல்லூரி வளாகத்தில் பார்க்கவில்லை?

காயம் ஆற்றுபவளிடம் வருகிறேன். இந்த வகைக் கேம்களில் வாள் பெரும்பாலும் அவன் கையில், கோல் அவள் கையில். ஆனால் சண்டை விதியைப் பாருங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 10இல் (2001) சண்டையில் ஒரு முறையாவது பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் முழுப் புள்ளி. வெட்டியவனுக்கும் மருந்திட்டவளுக்கும் ஒன்றுதான். யூனா ஒரு முறை காயம் ஆற்றினால் போதும், பூதத்தைக் கொன்றவனுக்குக் கிடைக்கும் அதே புள்ளி அவளுக்கும் கிடைக்கும். என் வீட்டில் இல்லாத நியாயம் இது. சிரித்துக்கொண்டே பத்து மணி நேரம் விளையாடினேன்.

விதி கொடுத்ததைக் கதை பிடுங்கிக்கொண்டது. யூனா உலகைக் காக்க யாத்திரை போகிறாள். யாத்திரை முடிந்தால் சாவாள். கூட வருகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். கதை சொல்லும் டீடஸ் ஒருவனுக்குத்தான் தெரியாது. அவள் செத்தாலும் உலகத்துக்குக் கிடைப்பது சில வருட அமைதி, பிறகு அடுத்த யாத்திரை, அடுத்த சாவு. இந்தச் சடங்கே பொய் என்று கடைசியில் யூனா மறுக்கிறாள். அந்த மறுப்புக்காக இந்தக் கேமை நான் மன்னித்துவிட்டேன். 2003இல் இதற்கு ஒரு தொடர்ச்சி வந்தது. மூன்று பெண்கள் மட்டும்; உடை மாற்றினால் தொழில் மாறும். பாட்டும் கூத்துமாக இருக்கிறது என்று இன்றுவரை கிண்டல் செய்கிறார்கள். உலகைக் காப்பாற்றிய பெண் பிழைத்திருந்து, தோழிகளோடு ஊர் சுற்றி, ஆடிப் பாடினால் ஏன் இவ்வளவு எரிச்சல்? ஆடைகளில் எனக்கும் முகச்சுளிப்பு உண்டு. இருந்தும் அந்த மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதில்தான்.

யூனாவுக்குக் கிடைத்த பாக்கியம் ஏரித்துக்கு இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997), மூன்று வட்டுகளில் முதல் வட்டின் முடிவு. பூ விற்கும் பெண், கூட்டத்தின் பெரிய வைத்தியக்காரி, மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்கையில் முதுகில் வாள் இறங்குகிறது. செத்தவர்களை எழுப்பும் பீனிக்ஸ் இறகு என் பையில் நிறைய இருந்தது. அன்று மட்டும் அது வேலை செய்யாது. சாவுக்குப் பிறகும் அவளுக்கு ஓய்வில்லை. கடைசியில் கிரகத்தைக் காக்க அவளுடைய பிரார்த்தனைதான் வர வேண்டியிருக்கிறது. இது பெரிய கலைத் துணிச்சல் என்று கொண்டாடப்படுகிறது. நானும் அழுதேன், மறைப்பானேன். ஆனால் 1989இலேயே ஃபேன்டஸி ஸ்டார் 2இல் நெய் என்ற பெண் இப்படிச் செத்துவிட்டாள். அவளுக்குப் பின் எத்தனை பேர்! நாயகனுக்குக் கோபம் வர ஒரு பெண் பிணம் தேவைப்படுவது துணிச்சல் என்றால், நம் சினிமா உலகிலேயே பெரிய துணிச்சல்காரர்களின் கூடாரம்.

"இதெல்லாம் பசங்க கேம், பசங்களுக்காகப் பசங்க செய்றது. நீ ஏன் போய் விளையாடிட்டு அழறே?" இப்படிக் கேட்ட தோழி பெண்ணியவாதி. அவளுக்குத்தான் இந்தப் பத்தி. 1987 டிசம்பர் 18இல் முதல் ஃபைனல் ஃபேன்டஸி வெளியானது. இரண்டே நாள் கழித்து, டிசம்பர் 20இல், ஃபேன்டஸி ஸ்டார். அதன் நாயகி ஆலிஸ். அண்ணனைக் கொன்ற ஆட்சியை எதிர்த்துக் கிளம்புகிறவள். கல்லாகிக் கிடக்கும் ஒரு வீரனை அவள்தான் மீட்டுக் கூட்டத்தில் சேர்க்கிறாள். அந்தக் கேமின் உருவங்களை வரைந்தவர் ரியேகோ கொதாமா என்ற பெண். பிறகு அதே தொடரின் நான்காம் பாகத்தை இயக்கினார். 2022இல் காலமானார். அந்த வருடம் வந்த மெகா டிரைவ் மினி 2 கருவியின் பெயர்ப் பட்டியலில் இருந்த அஞ்சலியைக் கண்டுதான் ரசிகர்களுக்கு விஷயமே தெரிந்தது. முதல் வருடத்திலேயே நாம் அங்கே இருந்தோம். பசங்க கேம் என்று விட்டுக்கொடுப்பது அவரையும் சேர்த்துத்தான்.

கொடுத்ததைத் திரும்ப எடுப்பதும் நடக்கிறது. 2009இல் வந்த பெர்சோனா 3 போர்ட்டபிளில் பெண்ணாக விளையாடும் வழி இருந்தது. 2024இல் அதே கதையைப் பளபளப்பாகப் புதுப்பித்தபோது அவளை விட்டுவிட்டார்கள். செலவாகுமாம். வரவு செலவு என்று வந்தால் முதலில் யாரை விடுவார்கள் என்பது நமக்குப் புதிதா?

இருந்தும் விளையாடினேன், விளையாடுவேன். குரோனோ டிரிகர் (1995) ஒன்றுக்காகவே. அதில் லுக்கா என்ற விஞ்ஞானிப் பெண். ஒரு ராத்திரி, மற்றவர்கள் தூங்கும்போது, அவள் மட்டும் பத்து வருடம் பின்னோக்கிப் போகிறாள். அங்கே அம்மா லாராவின் பாவாடை அப்பா செய்த இயந்திரத்தில் மாட்டிக்கொள்கிறது. நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். அம்மா மகளைக் கூப்பிட்டுக் கதறுகிறாள். கடவுச்சொல்லை அவள் சொல்வதில்லை. அது லாரா. மனைவியின் பெயரையே அப்பா வைத்திருக்கிறார். அந்த எழுத்துகளைக் கன்ட்ரோலர் பொத்தான்களாகவே, நேரத்துக்குள் அழுத்த வேண்டும். தவறினால் அம்மா இனி நடக்க மாட்டாள், கதை அப்படியே தொடரும். நான் தவறினேன். பழைய சேவுக்குப் போய் மறுபடி வந்து அழுத்தினேன்.

அன்று இரவு அம்மாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். கேம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பேரை மட்டும் அவளுதா வெச்சானாக்கும். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கக் கூடாதா?"

முப்பது நாளில் நான்கு கேம் முடித்தேன், இரண்டு பாதியில் நிற்கின்றன. புது வேலையில் சேர்ந்தாயிற்று. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: செவ்வாய் இரவு, வியாழன் இரவு, ஞாயிறு மதியம் சமையலறைப் பக்கம் நான் வர மாட்டேன். நூறு மணி நேரத்துக்கு இது எங்கே காணும்? முதல் தவணை. பெர்சோனா 3 போர்ட்டபிளைப் பெண்ணாகத் தொடங்கியிருக்கிறேன். நேற்று நான்கு மணி நேரம் தாண்டியது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "உப்பு எங்கே இருக்கு?" என்று குரல் வந்தது. ஹெட்போனில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது.