ஒரே படியில் இருவர்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் இரவு, சென்னை சேப்பாக்கம் மைதானத்திலே மதுரை என்னும் பெயர் தாங்கிய அணியொன்று கிரிக்கெட் கோப்பையை வென்றது. நம் பங்கு மக்களுள் பலர் அதனை மறுநாட்காலை நாளேட்டைப் பார்த்தே அறிந்தனர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெயர்தான் நம் ஊருடையதே தவிர, ஓர் ஆட்டமேனும் நம் ஊரில் நடைபெறவில்லை.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கைப் பற்றித்தான் சொல்கிறோம். எட்டு அணிகள், முதற்சுற்றில் அணிக்கு ஏழு ஆட்டங்கள், ஆட்டத்திற்கு இருபது ஓவர்கள், 2018இல் ஏறத்தாழ ஆடி மாதத்தோடு தொடங்கி ஆடி மாதத்தோடு முடிந்துவிட்ட பருவம். திண்டுக்கல், காரைக்குடி, தூத்துக்குடி, கோவை என ஊர்ப் பெயர்களைச் சூடிய இவ்வணிகள் அவ்வாண்டு ஆடிய இடங்களோ மூன்றே: சேப்பாக்கம், திருநெல்வேலியை அடுத்த சிமெண்டு ஆலை மைதானம், நத்தத்திலுள்ள கல்லூரி மைதானம். நத்தம் திண்டுக்கல் அணியின் தாய்மைதானம். மதுரைக்காரர் தம் அணியைக் காண விரும்பினால் அண்டை வீட்டாரின் முற்றத்திற்குத்தான் போகவேண்டியிருந்தது!

இது புதிய வழக்கமுமன்று. சென்னை லீக்கின் முதற்பிரிவில் வெல்பவர் பெறும் கேடயத்துக்குப் பாளையம்பட்டி ராஜா கேடயம் என்று பெயர். பாளையம்பட்டி அருப்புக்கோட்டைக்கு அருகில் இருக்கும் ஊர். பெயரைத் தெற்கு தர, ஆட்டத்தை வடக்கு வைத்துக்கொண்டது எனலாம்.

மதுரை அணி முதலிரு பருவங்களிலும் கடைநிலையிலேயே தடுமாறிற்று. மூன்றாம் பருவத்தில் அதன் பெயர் மதுரை பாந்தர்ஸ் என மாற, ஆட்டமும் மாறிற்று. முதற்சுற்றைக் கடந்து மேலே வந்தபோது திண்டுக்கல்லிடம் தோற்றது. ஆயினும் விதிப்படி இன்னுமொரு வாய்ப்பு இருந்தபடியால் கோவையை வென்று இறுதியாட்டத்தை எட்டிற்று. அங்கே எதிரில் நின்றது மீண்டும் திண்டுக்கல்லே.

திண்டுக்கல் அணி 117 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. எளிய இலக்கு என்றெண்ணியிருந்தோர் வாயடைத்துப்போக, மதுரை அணி ஓர் ஓட்டமும் எடுக்குமுன்னரே மூன்று விக்கெட்டுகளை இழந்தது. பலகையில் பூச்சியம், மூவர் வெளியே. அந்நிலையில் இணைந்த அருண் கார்த்திக்கும் ஷிஜித் சந்திரனும் பின்னர்ப் பிரியவேயில்லை. பதினெட்டாவது ஓவரில் மூன்று விக்கெட்டுக்கு 119 என ஆட்டம் முடிந்தபோது அருண் கார்த்திக் 75 ஓட்டங்களுடனும், ஷிஜித் சந்திரன் 38 ஓட்டங்களுடனும் ஆட்டமிழக்காது நின்றனர். அப்பருவத்தில் மிகுதியான ஓட்டங்களைக் குவித்தவரும் அருண் கார்த்திக்கே.

அப்பொழுது அவருக்கு வயது 32. ஏழாண்டுகளுக்கு முன், 2011இல், சாம்பியன்ஸ் லீக் போட்டியில் பெங்களூரு அணிக்காக ஆடியவர் இவர். 215 என்னும் இலக்கை எட்ட ஒரே பந்து மீதியிருக்கையில் ஆறு ஓட்டங்கள் தேவைப்பட்டன. அப்பந்தை எல்லைக்கு வெளியே அடித்தார். அன்று நாடு முழுவதும் அவர் பெயர் பேசப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே பெரிய அரங்கு அவரை மறந்தது. அசாம், கேரளம் என வேற்று மாநிலங்களுக்கும் ஆடினார். ஆக, மேலே ஏறிப்பார்த்துவிட்டு இறங்கி வந்தவர்.

அதே அணியில் வருண் சக்கரவர்த்தி என்னும் 26 வயது இளைஞர் சுழற்பந்து வீசினார். சிறு வயதில் விக்கெட் காப்பாளராயிருந்து, தேர்வாளர்களால் பலமுறை ஒதுக்கப்பட்டுப் பதினேழு வயதில் ஆட்டத்தையே விட்டவர். கட்டடக்கலை பயின்று அத்தொழிலும் செய்தவர். டென்னிஸ் பந்தில் ஆடி ஆடி மீண்டும் ஆசை துளிர்க்க, வேகப்பந்து வீசத் தொடங்கி, முழங்காலில் அடிபட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். மதுரை அணிக்காக அவ்வாடி மாதத்தில் அவர் வீசிய ஓவர்களில், ஓவருக்கு ஐந்து ஓட்டங்கள் கூட எடுக்க முடியாமல் மட்டையாளர் திணறினர். அவ்வாண்டு டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த ஏலத்தில், 20 லட்சம் ரூபாய் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சத்துக்கு எடுத்தது.

ஏறுகிறவரும் இறங்கினவரும் ஒரே படியில் சந்தித்துக்கொண்ட இந்த ஒரு மாதமே நம் சிந்தையைக் கவர்ந்தது.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தரைமீது ஆடும் ஹாக்கியில் இந்நிலை நெடுங்கால வழக்கம். தேசிய ஹாக்கி லீக் என்னும் உச்சிக்கு அடுத்த படியில், 1936 முதல் அமெரிக்கன் ஹாக்கி லீக் என்பது இயங்கி வருகிறது. சிற்றூர்களின் பெயர் தாங்கிய அணிகள். நெடிய பேருந்துப் பயணங்கள். பருவத்தின் நடுவிலேயே ஒருவன் மேலே அழைக்கப்படுவான், மற்றொருவன் கீழே அனுப்பப்படுவான். நேற்று ஒரே அறையில் உடை மாற்றியவர்கள் இன்று வெவ்வேறு உலகில் இருப்பர். ஆனால் அங்கே பருவம் ஆறு மாதங்களுக்கு மேல் நீள்கிறது. சிறிதேனும் மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு. நம்மிடத்திலோ ஒரு மாதம். மீதிப் பதினொரு மாதங்களுக்கு ஒருவன் என்ன செய்வான்? சென்னை லீக்கில் ஆடும் சிலருக்குக் கம்பெனிகள் வேலை கொடுத்து ஆதரித்ததுண்டு. எல்லார்க்கும் அது வாய்ப்பதில்லை. 2023இல் முதன்முதலாக இந்த லீக்கிலும் ஏலமுறை வந்தபோது, மிக உயர்ந்த விலையாகச் சாய் சுதர்சன் 21 லட்சத்து 60 ஆயிரம் பெற்றார். அவ்வாண்டில் அதுதான் உச்சி. அணியின் மற்றையோர் பெறுவதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பணம் குறைவாயும் ஆசை மிகுதியாயும் உள்ள இடத்தில் சூதாடிகள் நாடி வருவதும் இயல்பே. 2019இல் இந்த லீக்கைப் பற்றிய புகார்களை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. இளைஞரைப் பெற்றவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

மேலே சென்ற வருணின் கதையும் நேர்கோடாயிராது. 2019 மார்ச்சில் தம் முதல் ஐபிஎல் ஆட்டத்தின் முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்களைக் கொடுத்தார். பின்னர் அடிபட்டு, அப்பருவத்தில் அந்த ஓர் ஆட்டத்தோடு நின்றார். 2021இல் இந்திய அணியில் இடம் பெற்று, அவ்வாண்டின் உலகக் கோப்பைக்குப் பின் நீக்கப்பட்டார், மூன்றாண்டுகள் அழைப்பில்லை. அக்காலத்தில் அவர் தமிழ்நாடு லீக்குக்கே திரும்பி வந்து 2023இல் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். ஆம், 2018இல் அவர் தோற்கடித்த அதே திண்டுக்கல்தான். 2024 அக்டோபரில் இந்திய அணிக்கு மீண்டும் அழைக்கப்பட்டு, 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட்டுகள் வீழ்த்தினார். இவ்விடைக்காலத்தில் அந்தச் சிறிய லீக் இல்லாதிருந்தால் அவர் பந்து வீச ஒரு களம் குறைந்திருக்கும்.

பெற்றோர் சிலர் நம்மிடம் வந்து, "பையன் வேலைக்குப் போகாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், நீங்களாவது சொல்லுங்கள் சாமி" என்று முறையிடுவதுண்டு. வருணைக் காட்டித் தன் வழியை நியாயப்படுத்துகிறானாம் மகன். அவர் கையில் கட்டடக்கலைப் பட்டம் இருந்ததை மட்டும் அவன் சொல்வதில்லை! அதே வேளையில் தகப்பன்மாருக்கும் ஒன்று சொல்வோம். இருபத்தைந்து வயதில் ஒருவனுடைய கதவுகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று தீர்ப்பிடுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. வேலையும் இருக்கட்டும், மாலை ஆட்டமும் இருக்கட்டும் என்றால் பையன்களில் பெரும்பாலோர் இணங்கிவிடுகிறார்கள்.

2025 அக்டோபர் 9ஆம் நாள் மதுரை சிந்தாமணிப் பகுதியில் வேலம்மாள் நிறுவனத்தார் அமைத்த பெரிய கிரிக்கெட் மைதானத்தை மகேந்திர சிங் தோனி திறந்து வைத்தார். நீர் வற்றிய கண்மாயில் ஆடும் நம் பையன்கள் சிலர் மிதிவண்டியில் போய் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். "எங்களை உள்ளே ஆட விடுவார்களா சாமி?" என்று அவர்களுள் ஒருவன் கேட்டான். மாவட்டச் சங்கத்தின் லீக்கில் ஆடும் கழகங்களுள் ஒன்றில் முதலில் சேர்ந்துகொள்ளும்படி சொன்னோம். பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது இல்லையென்று இருவர் தலையைச் சொறிந்தனர். வரும் சனிக்கிழமை பெற்றோரை அழைத்துக்கொண்டு வந்தால், அதற்கு மனு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.