எதிரணியிலும் நண்பர்: யெச்சூரி விட்டுச் சென்ற பாடம்

2017 ஆகஸ்ட் 10. மாநிலங்களவையில் பிரியாவிடை நாள். இரண்டு பதவிக் காலங்களை நிறைவு செய்த மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் உறுப்பினர் சீதாராம் யெச்சூரியைப் பற்றிப் பேச எழுந்த சமாஜவாதி கட்சியின் ராம்கோபால் யாதவ், பேச்சின் நடுவே குரல் தழுதழுத்துக் கண்கலங்கினார். வேறொரு கட்சியின் உறுப்பினர் விடைபெறுகிறார் என்பதற்காக ஒருவர் அவையிலேயே கலங்குவது அரிதினும் அரிது.

2024 செப்டம்பர் 12-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் தமது 72-ஆவது வயதில் யெச்சூரி காலமானபோது, கட்சி வேறுபாடின்றித் தலைவர்கள் அஞ்சலி செலுத்தினர். அவரை நண்பர் என்றே ராகுல் காந்தி குறிப்பிட்டார். சென்னையில் பிறந்து, ஹைதராபாதில் வளர்ந்து, தில்லியை அரசியல் களமாகக் கொண்ட அவருக்கு எல்லாக் கட்சிகளிலும் நண்பர்கள் இருந்தனர்.

இந்த நட்பை அவர் கொள்கையை விற்றுப் பெறவில்லை. 2015 மார்ச்சில், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தில் கருப்புப் பணம், ஊழல் தொடர்பாக அவர் கொண்டு வந்த திருத்தம் வாக்கெடுப்பில் நிறைவேறி, மாநிலங்களவையில் மத்திய அரசுக்குப் பெரும் சங்கடத்தை ஏற்படுத்தியது. சொந்தக் கட்சியிலும் அவர் தோல்வியைச் சந்தித்தவரே. காங்கிரஸுடனான உறவு குறித்து அவர் முன்வைத்த வரைவை 2018 ஜனவரியில் மத்தியக் குழு 55-க்கு 31 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்தது. ஆனாலும், தம்மைத் தோற்கடித்தவர்களுடனேயே தொடர்ந்து பணியாற்றினார்.

அவரது நட்பின் ஆழத்தை உலகறியச் செய்தது காஷ்மீர். 2019 ஆகஸ்டில் அம்மாநிலத்தின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது, அவரது கட்சியின் நெடுநாள் தோழர் முகமது யூசுஃப் தாரிகாமி வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். உடல்நலம் குன்றியிருந்த அவரைக் காணச் சென்ற யெச்சூரி, ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். அறிக்கை வெளியிட்டு அமைதியாகி விடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். இப்பயணத்துக்கு அரசியல் நோக்கம் உண்டு என மத்திய அரசு ஆட்சேபித்தது. தோழரின் நலனை விசாரிக்க மட்டுமே செல்ல வேண்டும் என்ற நிபந்தனையுடன் நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த சில நாள்களில் தாரிகாமி சிகிச்சைக்காக தில்லி எய்ம்ஸுக்கு மாற்றப்பட்டார்.

2021 ஏப்ரலில் மூத்த மகனைக் கரோனாவுக்குப் பறிகொடுத்த துயரத்திலும் அவர் பொது வாழ்விலிருந்து ஒதுங்கவில்லை. மேற்கு வங்க முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் நினைவுக் கூட்டத்துக்கு நேரில் செல்ல இயலாதபோது, மருத்துவமனையில் இருந்தபடியே காணொலியில் அஞ்சலி செலுத்தினார். மூன்று வாரங்களில் அவரும் காலமானார். அவரது விருப்பப்படியே உடல் எய்ம்ஸுக்குத் தானமாக வழங்கப்பட்டது.

இத்தகைய மனிதர்களை உருவாக்கும் சூழல் இன்று நாடாளுமன்றத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. காலையில் அவையில் மோதிக் கொண்டவர்கள் பிற்பகலில் ஒரே மேஜையில் காபி அருந்திய மைய மண்டபம், 2023-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் இல்லை. அதே ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். முகம் பார்த்துப் பேசும் இடமும் நேரமும் குறைந்தால், மாற்றுக் கருத்துடையவர் எதிரியாகவே தோன்றுவார். மசோதாவில் ஒரு வரியைத் திருத்தக்கூட ஆள்வோரும் எதிர்ப்போரும் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுக்கு அடிப்படை தனிமனித நம்பிக்கை.

யெச்சூரியின் கொள்கையை ஏற்காதவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவரது பண்பை ஏற்பதற்கு அது தடையல்ல. மறைந்தவரைப் புகழ்வது எளிது. எதிர்வரிசையில் இருப்பவரை உயிரோடு இருக்கும்போதே மதிப்பதுதான் கடினம். அந்தக் கடினமான பழக்கத்துக்குத் திரும்புவதே அவருக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலியாக இருக்கும்.