பன்னிரண்டு பேர்தானே!

கருவூலம் காலி, கையைச் சுருக்குங்கள்! நெருக்கடி நேரத்தில் ஆளவந்தோர் பாடும் பல்லவி இது. சுருக்குவது யாருடைய கையை என்பதிலேதான் இருக்கிறது சூட்சுமம். 2010-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள், தோழர்களே!

2008-இல் வங்கிகள் சரிந்தன. தாங்கிப் பிடித்தது பொதுமக்கள் பணம். அதனால் விழுந்த பள்ளத்தை நிரப்ப, 2010 அக்டோபரில் கத்தியை எடுத்தார் நிதியமைச்சர் ஆஸ்போர்ன். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் பதினாறு வயதுக்குப் பின்னும் படிப்பைத் தொடர, வாரந்தோறும் 10 முதல் 30 பவுன் வரை ஓர் உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. பேருந்துக்கும் பகலுணவுக்கும் ஆகும் பணம். அதுவும் வெட்டுண்டது!

ஆட்சியினர் காட்டிய காரணம்தான் விந்தையிலும் விந்தை. மாணவரையே கேட்டு நடத்திய ஆய்வாம். உதவி இல்லையேல் படிக்க வந்திருக்கமாட்டோம் என்றவர் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தானாம். ஆகவே, மற்றவர்க்குக் கொடுத்தது வீண் செலவாம்!

வந்திருப்பான், ஐயா, வந்திருப்பான்! பசித்த வயிற்றோடு வந்திருப்பான். நெடுந்தொலைவு நடந்து வந்திருப்பான். இரவெல்லாம் கடையில் மூட்டை சுமந்து, வகுப்பிலே கண்ணயர வந்திருப்பான். அதையும் கேட்டீர்களா? அந்தப் பன்னிரண்டு பேர் என்ன ஆவர் என்றாவது எண்ணினீர்களா? மாணவர் கருத்துக்கு இவர்கள் தந்த மதிப்பு, கணக்குக்குக் கைகொடுக்கும் வரையில்தான்.

நவம்பர் 10-ஆம் நாள் அதே மாணவர்கள் இலண்டன் வீதிகளில் திரண்டு தங்கள் கருத்தை உரக்கச் சொன்னார்கள். செவிசாய்த்தார் உண்டா? டிசம்பர் 9-ஆம் நாள், பல்கலைக்கழகக் கட்டணத்தின் உச்சவரம்பை 3,290 பவுனிலிருந்து 9,000 பவுனாக்க 323 உறுப்பினர் கை தூக்கினர், எதிர்த்தவர் 302. கட்டண உயர்வை எதிர்த்தே வாக்களிப்பேன் என்று தேர்தலுக்கு முன் கையொப்பமிட்டுக் கொடுத்த கிளெக், உயர்த்தியோர் வரிசையிலே நின்றார்! ஊர்வலத்தன்று ஆளுங்கட்சித் தலைமையகத்தில் கண்ணாடி உடைந்தது; தவறுதான். எழுதிக்கொடுத்த வாக்கை உடைத்தவரோ 2015 வரை துணைப் பிரதமராகவே வீற்றிருந்தார். 2012-இல் மன்னிப்புக் கேட்டாரே என்பீர்கள். கேட்டார், கட்டணம் குறைந்ததா?

கடன்பட்டுப் படி என்று கட்டளையிட்ட கேமரூனும் கிளெக்கும் ஆஸ்போர்னும் பயின்ற காலத்தில், உள்நாட்டு மாணவர் கல்விக் கட்டணம் கட்டியதில்லை. அது புகுந்தது 1998-இல், தொழிற்கட்சி ஆட்சியில். அந்தப் பழி அவர்களுக்குரியது.

உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 56 கோடிப் பவுன் செலவாகி வந்தது. மாற்று ஏற்பாடாக 18 கோடியை ஒதுக்கினார்கள். வேறு வழியில்லை என்றார்கள். அதே நெருக்கடிக்கு ஆளான ஸ்காட்லாந்தும் வேல்சும் வட அயர்லாந்தும் அந்த உதவியை நிறுத்தவில்லை!