நிலம் தண்ணி குடிக்கட்டும்

கன நாளாய் எழுதேல்லை. முழங்காலில் அடி. விழுந்தது வேறெங்கும் இல்லை, என்ரை சொந்தக் கிறீன் ஹவுசுக்குள்தான்!

ஒக்லாந்தில் ஜூன் பிறந்தால் மழையும் குளிரும்தான். கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் வெளியில் தாக்குப்பிடிக்காது. அதனால் ஹென்டர்சனில் எங்கள் பின்வளவில் சின்னதாய் ஒன்று போட்டேன். நிலத்துக்கு எங்கடை ஆக்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சீமெந்துதானே, முழுக்கப் பூசிவிட்டேன். ஊத்தின தண்ணி போக வழியில்லாமல் தேங்கி, பாசி பிடித்து, இலையெல்லாம் பூஞ்சணம். கடைசியில் நானும் வழுக்கி விழுந்தேன்.

போன மாதம் மகனும் நானும் அதை உடைத்தெறிந்தோம். செடி நிற்கும் பாத்திகளை மண்ணாகவே விட்டு, நடைபாதையை மட்டும் 15 செ.மீ. தோண்டினோம். இங்கே கவனம் பாருங்கோ: இந்தப் பக்கம் களிமண். களிமண்ணில் குழி தோண்டிக் கல்லை நிரப்பினால் அது வடிகால் இல்லை, குளம். அதனால் குழியின் அடியையே மீற்றருக்கு ஒன்றரை செ.மீ. சரித்து, தாழ்ந்த ஓரத்தில் துளையுள்ள குழாய் வைத்து வெளியே பூப்பாத்திக்கு விட்டோம். மேலே வடிகட்டும் துணி, 10 செ.மீ. ஸ்கோரியா (இந்த ஊர் எரிமலைகள் தந்த சிவப்புக் கல்லுத்தான்), இடித்து இறுக்கி, 3 செ.மீ. பருமணல், அதற்குமேல் கல். இடைவெளிக்கு மணல் மட்டும். சீமெந்து ஒரு கரண்டியும் இல்லை. இப்ப வாளித் தண்ணி ஊத்தினாலும் கொஞ்ச நேரத்தில் காணாமல் போகுது.

2023 ஜனவரி 27ஆம் திகதியை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். விமான நிலையத்தில் ஒரே நாளில் 249 மி.மீ. மழை. நாலு உயிர் போனது. அந்த மழையை எவராலும் தடுத்திருக்க முடியாதுதான். ஆனால் வளவு வளவாய் மூடி வைத்த நகரத்தில் தண்ணி வேறெங்கே போகும்?

சரி, என்ரை ஒரு கிறீன் ஹவுசால் உலகம் மாறாது. நான் சொல்ல வந்தது வேறு. அதே கிழமை ஊரிலிருந்து தம்பி எடுத்தான். "அண்ணை, காசு கொஞ்சம் அனுப்புங்கோ, முத்தம் முழுக்கக் கல்லுப் பதிக்கப்போறன், சேறே இருக்காது." அயலில் எல்லாரும் செய்துவிட்டார்களாம். எல்லாம் வெளிநாட்டுக் காசு.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணறு. அந்த நன்னீர் உப்புத்தண்ணிக்கு மேலே மிதந்து நிற்பது. மேலே இருந்து வராவிட்டால், நாங்கள் இறைக்க இறைக்கக் கீழே இருந்து உவர் ஏறும். 1995இல் வளவைவிட்டு ஓடிவந்த நாங்கள், இன்று காசு அனுப்பி அந்த வளவின் வாயை அடைக்கிறோம்.

காசு அனுப்பினேன், ஒரு நிபந்தனையோடு: நடக்கிற பாதைக்கு மட்டும் கல், அதுவும் மணலில். மற்றது மண்ணாகவே கிடக்கட்டும். தம்பிக்குக் கோபம். பரவாயில்லை. கிணறு உவர்த்தால் அவன்தானே குடிக்கவேணும்.

நீங்களும் அடுத்தமுறை காசு அனுப்பமுன் ஒருக்கால் கேளுங்கோ: தண்ணி எங்காலை போகும்?